கலங்கரை விளக்கத்தின் பாதிப் படி

— நின்னுட்டீங்களா? செருப்புச் சத்தத்தையே காணோம்.

— மூச்சு வாங்குது. கதைக்காரி நீ கீழ பெஞ்சுல உக்காந்து போன்ல கேட்டுக்கிட்டிருப்பே, கலங்கரை விளக்கத்துல நான் ஏறணும். நல்ல நியாயம்.

— எனக்கு முட்டி வலிங்க. என் நாவல்ல அந்த ஆள் இதுலதான் ஏறப் போறான். யாராச்சும் பார்த்துச் சொன்னாதானே எழுத முடியும்?

— அதுக்கு, ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே பயப்படுற ஆளை அனுப்பியிருக்கே.

— கட்டினது ஒருத்தரைத்தானே... சரி, என்ன தெரியுது?

— இரும்புப் படி. இடுக்கு வழியா...

— கீழ பார்க்காதீங்க.

— பார்த்தாச்சு.

— வேணாங்க, இறங்கிடுங்க. நான் ஏதாவது கற்பனை பண்ணிக்கிறேன்.

— நீ பண்ணுவே. இரு...

— என்னங்க?

— ஏறுறேன். பேச்சுக் குடுக்காதே.

— ஏங்க, பேசுங்க. செருப்புச் சத்தம் மட்டும்தான் கேக்குது.

— வந்துட்டேன்.

— எங்க?

— உச்சிக்கு. கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன். விளக்கைப் பார்த்துக்கிறவர் கையைப் பிடிச்சிருக்கார், பாவம்.

— கண்ணைத் திறங்களேன்.

— சுத்தி ஜன்னலுக்கெல்லாம் திரை. பகல்ல மூடலன்னா வெயில் இந்த விளக்குக் கண்ணாடிக்குள்ள பூந்து தீப் பிடிச்சிருமாம். ஓரமா விலக்கிக் காட்டுறார்... அம்மாடி.

— என்ன? சொல்லுங்க.

— ஆள் உயரத்துக்கு மேல கண்ணாடி. பட்டை பட்டையா, வெங்காயத்தை அரிஞ்சு அடுக்கின மாதிரி. நடுவுல இத்தனூண்டு பல்பு. நம்ம சமையல்கட்டு பல்பு அளவுதான். அதை வெச்சுக்கிட்டுக் கடல் முழுக்க...

— ம்.

— இந்தக் கண்ணாடிக்குள்ள பார்த்தா கடல் மேல இருக்கு, வானம் கீழ இருக்கு. ஒரு கப்பல் தலைகீழா போகுது. விழாம, அது பாட்டுக்குப் போகுது.

— பயமா இருக்கா?

— அட... அது மறந்தே போச்சு.

— அழறீங்களா?

— காத்து.

— உள்ள ஏதுங்க காத்து?

— வக்கீலாட்டம் கேக்காதே. இதை நீ பார்க்கணும். முட்டி சரியானதும்...

— முட்டிக்கு ஒண்ணுமில்லைங்க. வலியே கிடையாது. நாவல்ல அந்த ஆளே நீங்கதான். ஏறுவீங்களா மாட்டீங்களான்னு எனக்குத் தெரியணும், அதான்...

— தெரியும். நீ தூங்கினப்ப எழுதினதைப் படிச்சேன். பாதிப் படியிலயே அவனைத் திருப்பி அனுப்பிட்டே. அதை அடிச்சிட்டு மேல வா.