மாப்பிள்ளை காரின் ஆயில்

அம்மா நன்றாக இருக்கிறார் ஐயா, விசாரித்ததற்கு நன்றி. இந்த வயதிலும் மாடிப்படி ஏறிப்போய்த் துணி காயப்போடுகிறார். ஒரு தும்மல்கூட வருவதில்லை. ஆனால் என்ஜினைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். விஷயமே அதில்தான் இருக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், எங்கள் பட்டறையில் கூட்டாளியாகச் சேர்ந்தவர். பங்கில் பெரும்பகுதி அவருடையது. சட்டையில் ஒரு சொட்டுக் கறை படாமல் முன்னறையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவார். நன்றாகவே பேசுவார், குறை சொல்லக் கூடாது. உள்ளே வண்டிக்கு அடியில் கிடக்கும் என்னைக் காட்டி, "நம்ம ஆயில் டப்பா பாத்துக்குவாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என்னை வைத்துக்கொண்டே தங்கையிடம் சொன்னார்: "பட்டறையை மூடிட்டு ஷோரூம் வைக்கப்போறேன். உங்கண்ணனை வேற எங்கயாவது வேலை பாத்துக்கச் சொல்லு." தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அடுத்த வாரமே தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "மச்சான், இன்னும் கொஞ்சம் பிச்சிக்கிட்டுப் போற மாதிரி பண்ணிக் குடுங்க." பண்ணிக் கொடுத்தேன். டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றைக் கூட்டி, அதற்குத் தக்கபடி பெட்ரோலையும் கூட்டினேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நேர்த்தியானது, பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் இப்படி முடுக்கிவிட்ட என்ஜினுக்குள் ஆயில் படும் பாடு வேறு. சூடு ஏறும். எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்க வேண்டிய ஆயில் நாலாயிரத்திலேயே செத்துப்போகும். அதற்கு மேலும் ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். கதவோரத்தில் நாங்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் பழையபடி பத்தாயிரம் என்றே இருந்தது. அதை நான் தொடவில்லை. ஒன்றைத் தொடாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் கேட்கவில்லையா என்றால், கேட்டார். "ஆயில் எப்ப மாத்தணும் மச்சான்?" "ஸ்டிக்கர்ல போட்டிருக்கு மாப்ள, பாத்துக்கங்க" என்றேன். போட்டுத்தானே இருந்தது.

சில மாதங்கள் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "மச்சான், ஆயில் விளக்கு விட்டு விட்டு எரியுது. நானும் இவளும் வெளியூர் கிளம்புறோம். வண்டியை எடுக்கலாமா?" தங்கை தண்ணீர் பாட்டிலைத் தேடுவது எனக்குக் கேட்டது. "அது சென்சார் கோளாறு. தாராளமா போங்க" என்றேன். "தேங்க்ஸ் மச்சான்" என்றார். அவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் மனசு இளகத்தான் செய்தது.

லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகும் வழக்கம் அவருக்கு இல்லை. அது நான் ஏற்றிவிட்ட குணமல்ல. முந்துவதற்காக எதிர்ப்பக்கம் ஏறி மிதித்தபோது என்ஜின் இறுகி நின்றுவிட்டது என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். எதிரே வந்த பஸ் மோதி அவர் அங்கேயே போய்விட்டார். அந்த டிரைவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, அந்த மனுஷனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த என்ஜினைப் பிரித்து எனக்குக் காட்டினீர்கள். பார்க்கவே பொறுக்கவில்லை ஐயா, அத்தனை அருமையான என்ஜின்.

'சென்சார் என்றுதான் நினைத்தேன்' என்று நான் சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது. எந்த மெக்கானிக்கும் ஏமாறக்கூடிய இடம் அது. நீங்களோ அந்தப் போனை வைத்த கையோடு நான் தங்கையைக் கூப்பிட்டதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம், கூப்பிட்டேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அவரு போகட்டும், நீ உடனே இங்க வா" என்றேன். பதறியடித்துக்கொண்டு வந்தாள். அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க. எதுக்குண்ணே வரச் சொன்னே?" என்று கேட்டாள். அதைத்தான் உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருப்பதால்தானே வந்து சொல்ல முடிந்தது, அதை அவள் யோசிக்கவே இல்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆயில் செத்துப்போனது எனக்குத் தெரியும். விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது என்பதும் தெரியும். ஆனால் நியாயமாகப் பார்த்தால் தப்பு என் ஒருவன் மேல் மட்டும் இல்லை. அன்று ஒரு நாளாவது அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்திருக்கலாம்.