சந்தனம் பூசிய பட்டன்

கும்பகோணத்தை அடுத்த ஒரு நெல் கொள்முதல் நிலையம். ஆயுத பூஜைக்காகக் கணினியைத் துடைத்து, கேபிளையும் புதிதாக மாற்றியதில் திரை கறுத்துக் கிடந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் குறுவை நெல், மூடத் தார்ப்பாய் இல்லாமல் வெளியே குவிந்திருந்தது. வானம் இடித்துக்கொண்டிருந்தது.

“சார், பதிவு போட்டாத்தானே நெல்ல எடுப்பீங்க? மழை வருது,” என்றார் எழுத்தரிடம்.

“படமே வரலியேம்மா. புது கேபிளுக்கு ஏத்த மாதிரி திரைக்கு அடியில இருக்கற பட்டனை அமுக்கி இணைப்ப மாத்தணுமாம். இன்ஜினியர் போன்ல சொல்றாரு.”

“அமுக்குங்களேன்.”

“அது மேல பூஜைச் சந்தனம் இறுகிக் கிடக்குது. சாமிக்கு வெச்ச பொட்ட எப்படிம்மா சுரண்டறது?”

“என் நெல்லு அழியலாம், பொட்டு அழியக்கூடாதா?”

அரசு உடைமையில் எழுத்தர் தன்னிச்சையாக எதையும் சுரண்டக் கூடாது என்பது சரிதான். மேலதிகாரியிடம் போனில் அனுமதி கேட்டுக் காத்திருந்தார். கிடைத்ததும் சுரண்டி அமுக்கினார், படம் வந்தது. அதற்குள் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

“வந்துடுச்சும்மா! பேரச் சொல்லுங்க. நெல்லு காய்ஞ்சிருக்குதுல்ல? ஈரமா இருந்தா எடுக்க மாட்டோம்.”

“இவ்வளவு நேரம் திரையவே பாத்தீங்க சார். கொஞ்சம் வெளியில பாருங்க.”