மைனஸ் இருபதில் ஒரு மீட்டர்

சூர்யபிரகாஷ்: பின்னாடி லைட்டு எரியுதுக்கா. எழுத்துதான் இல்ல.

மெர்லின்: அதத்தான் தம்பி ஒரு வாரமா நானும் சொல்றேன். பாத்தவங்க எல்லாம் உடைஞ்சு போச்சுன்னு...

சூர்யபிரகாஷ்: உடைஞ்சிருந்தா மை கொட்டுன மாதிரி கறுப்பா படர்ந்திருக்கும். இதுல ஒரு கீறல்கூட இல்ல.

மெர்லின்: நல்லா பாத்தீங்களா?

சூர்யபிரகாஷ்: அறந்தாங்கியில தராசு ரிப்பேர் கடை வச்சு ஏழு வருசமாச்சுக்கா.

மெர்லின்: தராசும் இதுவும் ஒண்ணா?

சூர்யபிரகாஷ்: எழுத்து காட்டுற கண்ணாடி ரெண்டுலயும் ஒண்ணுதான். ஐஸ் ரூமுக்குள்ள குளிர் எவ்வளவு?

மெர்லின்: அதக் காட்டத்தான இந்த மீட்டரு. மைனஸ் இருவது இருக்கணும். இல்லாட்டி எறா வாங்க வர்றவங்க பெட்டியத் தொடக்கூட மாட்டாங்க. அது சரி, ரகுநாத் சாருக்கு ஒங்கள அனுப்ப ஒரு வாரமா ஆச்சு?

சூர்யபிரகாஷ்: வந்துட்டேன்ல. மீட்டர ஐஸ் ரூமுக்குள்ள மாட்டச் சொன்னது யாரு?

மெர்லின்: ரகுநாத் சாருதான். எங்க மேனேஜரு. மொதல்ல வெளியதான் இருந்துச்சு. மீமிசல் கடல் காத்துல ரெண்டு மீட்டரு உப்பேறி போயிருச்சு. உள்ள உப்பு வராதுல்லன்னு...

சூர்யபிரகாஷ்: உப்புக்குப் பயந்து ஐஸுக்குள்ள குடி வச்சிட்டீங்க.

மெர்லின்: சிரிக்காதீங்க தம்பி. இதுனால ஒரு புள்ளைக்கு வேல போயிருச்சு.

சூர்யபிரகாஷ்: யாருக்கு?

மெர்லின்: கார்த்திகான்னு. பேக்கிங்ல சேந்து மூணு மாசந்தான். மீட்டர உடைச்சிருச்சுன்னு வியாழக்கெழம நிப்பாட்டிட்டாரு.

சூர்யபிரகாஷ்: உடைச்சத யாரு பாத்தது?

மெர்லின்: அன்னைக்கு... அந்தப் புள்ள ரூமுக்குள்ள இருந்துச்சு.

சூர்யபிரகாஷ்: உள்ள இருந்தா உடைச்சதாயிருமா?

மெர்லின்: நீங்க மீட்டரப் பாக்க வந்தீங்களா, கேஸு விசாரிக்க வந்தீங்களா?

சூர்யபிரகாஷ்: சரி, கோவிச்சுக்காதீங்க. எழுத்து ஒரேயடியா போச்சா, கொஞ்சங் கொஞ்சமாவா?

மெர்லின்: மொதல்ல மெதுவா மாறுச்சு. ஒரு நம்பரு மேல இன்னொரு நம்பரு நெழலாட்டம் நிக்கும். பொறவு மங்குச்சு. மறுநாள் சுத்தமா இல்ல.

சூர்யபிரகாஷ்: லோடு ஏத்துறப்ப கதவு தெறந்து கெடக்குமே, அப்ப?

மெர்லின்: ஒரு தடவ லேசா தெரிஞ்ச மாதிரி... என் கண்ணுதான் ஏமாத்துதுன்னு விட்டுட்டேன்.

சூர்யபிரகாஷ்: ஏமாத்தல. எறா போடுற பிளாஸ்டிக் கவரு ஒண்ணு குடுங்க.

மெர்லின்: எதுக்கு?

சூர்யபிரகாஷ்: உள்ளேயே கழட்டி, காத்த அமுக்கிட்டுக் கட்டி, அப்பறந்தான் வெளிய எடுக்கணும். சும்மா எடுத்தா இந்தப் புழுக்கத்துல தண்ணி பூத்து மீட்டருக்குள்ள எறங்கிரும். இப்ப கவரு மேல மட்டுந்தான் பூக்கும்.

மெர்லின்: டீ போடுற அடுப்புப் பக்கத்துல வச்சா சீக்கிரம்...

சூர்யபிரகாஷ்: நீங்க வேற. அதுபாட்டுக்கு சூடேறட்டும். அரை மணி நேரம் பொறுங்க.

மெர்லின்: அரை மணி நேரமா... அதுவரைக்கும் எப்படித் தம்பி பொறுக்குறது?

சூர்யபிரகாஷ்: ஒங்களுக்கு எதுக்குக்கா இவ்வளவு அவசரம்? மார்கழியில தேங்கா எண்ண பாட்டிலுக்குள்ள கட்டிக்கிருதுல்ல?

மெர்லின்: ஆமா. வெயில்ல வைப்போம்.

சூர்யபிரகாஷ்: இந்தக் கண்ணாடிக்குள்ளயும் அப்படி ஒரு தண்ணி. அது சட்டுன்னு திரும்புனாத்தான் எழுத்து வரும். மைனஸ் இருவதுல அதால அசைய முடியல. இந்தாங்க, கவரோட திருப்பி மீட்டரு முதுகப் படிங்க.

மெர்லின்: சைபர்லேருந்து... அம்பது டிகிரி வரைக்கும்.

சூர்யபிரகாஷ்: சைபருக்குக் கீழ வேல செய்யமாட்டேன்னு அதுவே எழுதி ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. படிக்கத்தான் ஆளில்ல.

மெர்லின்: அப்ப குளிருதானா? வேற ஒண்ணும்... யாரும் தட்டி கிட்டி...

சூர்யபிரகாஷ்: தட்டுறதுக்கெல்லாம் போற சாமான் இல்லக்கா இது.

மெர்லின்: நெசமாவா?

சூர்யபிரகாஷ்: என்னைய எதுக்குக் கேக்குறீங்க, அரை மணி ஆயிருச்சு, அதப் பாருங்க.

மெர்லின்: கவரு பூரா வேர்த்திருக்கு... இருங்க, தொடச்சுக்கிறேன்... ஏதோ கோடு தெரியுது தம்பி. மூணு... முப்பத்தொண்ணு... முப்பத்தொண்ணு காட்டுது.

சூர்யபிரகாஷ்: அதான் இங்க அடிக்கிற சூடு. மீட்டருக்கு ஒண்ணுமில்ல. அக்கா... என்னக்கா, அழுவுறீங்க?

மெர்லின்: மாதாவே... ஒரு வாரமா நான் பட்ட பாடு...

சூர்யபிரகாஷ்: கண்ணத் தொடைங்க. எழுத்து காட்டுற பொட்டிய வெளிய வச்சிருவோம். ரப்பர் வச்சு மூடுற டப்பா போட்டா உப்பு அண்டாது. குளிரப் பாக்குற ஒயரு நுனி மட்டும் சுவத்து வழியா உள்ள போகட்டும். உள்ள நிக்கிறவங்களுக்கும் தெரியணும்னா, பின்னாடி சூடு தகடு வச்ச கண்ணாடி இருக்கு...

மெர்லின்: தம்பி, நான்தான் தட்டுனேன்.

சூர்யபிரகாஷ்: என்னது?

மெர்லின்: எழுத்து மங்குதேன்னு, டிவி ரிமோட்டத் தட்டுற மாதிரி உள்ளங்கையால ரெண்டு போடு போட்டேன். மறுநாள் எழுத்து இல்ல. யாரு உள்ள இருந்ததுன்னு சார் கேட்டாரு. கார்த்திகா இருந்துச்சுன்னேன். பொய் இல்ல. ஆனா நான் இருந்தத சொல்லல.

சூர்யபிரகாஷ்: இத வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?

மெர்லின்: ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசையில எல்லாரும் சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கப் போறாங்க. மனசுல பாவத்தோட வாங்கக்கூடாதுன்னு நான் பெஞ்ச விட்டு எந்திரிக்கல.

சூர்யபிரகாஷ்: அதான் நீங்களும் உடைக்கல, அதுவும் உடைக்கலன்னு ஆயிருச்சே. குளிருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

மெர்லின்: இல்ல, முழுசா சொல்லப்போறேன். இப்பவே போன் போடுறேன். அந்தப் புள்ள இன்னைக்கே வேலைக்கு வரணும். சார் கத்துனப்ப அது ஒரு வார்த்த மறுத்துப் பேசல தம்பி. என் மூஞ்சியப் பாத்துச்சு, பைய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஏன் பேசாமப் போச்சுன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல.

சூர்யபிரகாஷ்: நீங்க தட்டுனத அது பாத்துச்சுக்கா.

மெர்லின்: பாத்துச்சா? ஒங்களுக்கு எப்படி... சார் சொன்னாரா?

சூர்யபிரகாஷ்: ஒங்க சார நான் இன்னும் பாத்ததே இல்ல. "மெர்லின் மேடம் ஒத்தையா ரெண்டு புள்ளைய வளக்குறாங்க, அவங்களுக்கு வேல போனா யாரு இருக்கா? எனக்கு நீ இருக்க. போயி அந்த மீட்டர என்னான்னு பாத்துட்டு வா"ன்னு நாலு நாளா என்னையச் சோறு திங்க விடலக்கா, என் பொண்டாட்டி.