செவலைக்கு வந்த பயம்

சீதா: மொதல்ல மாட்டுக் காத விடு.

அழகன்: இரு... ஜில்லுனு இருக்கு. நான் சொன்னேன்ல? பயத்துல ரத்தக் கொழாயெல்லாம் சுருங்கிப்போச்சு. ரத்தம் வரலன்னா காது இப்படித்தான் இருக்கும்.

சீதா: இந்தக் குளுருல என் காதுந்தான் ஜில்லுனு இருக்கு.

அழகன்: எங்க, பாப்பம்.

சீதா: கையெல்லாம் சாணி. தள்ளி நில்லு.

அழகன்: சரி, சரி... செவல எத்தன நாளா பால் கொறச்சல்?

சீதா: திங்கக்கெழமயிலருந்து. இன்னைக்கு வெள்ளி, அஞ்சு நாளாச்சு. மூணு போத்தல் கறந்த மாடு, ஒரு போத்தல்ல நிக்குது. ஞாயித்துக்கெழம பொகவந்தலாவையிலருந்து தரகன் மாயாண்டி வர்றானாம். குடுத்துருவேன்னு அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு.

அழகன்: நல்லமுத்து மாமாவா? உன்னக் குடுத்தாலும் குடுப்பாரு, செவலயக் குடுக்க மாட்டாரே.

சீதா: பால் இல்லாத மாட்டுக்குப் புல்லறுக்க மாட்டேன்னு கத்தியத் தூக்கிப் போட்டுட்டாரு. நீதான் ஹட்டன்ல பெரிய படிப்பு படிக்கிறியே, ஏதாவது செய்யி.

அழகன்: அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். கேளு. கன்னு வந்து முட்டுனவொடனே மாட்டு மூளையிலருந்து ஒரு சாறு ரத்தத்துல எறங்கும். ஹோர்மோன்னு பேரு. அது மடிக்கு வந்து சேந்தாத்தான் பால எறக்கிவிடும்.

சீதா: சரி.

அழகன்: ஆனா மாடு பயந்துச்சுன்னு வையி... கிட்னிக்கு மேல ரெண்டு குட்டிக் கட்டி குந்திக்கிட்டிருக்கு. அது இன்னொரு சாற விட்டுரும். அட்ரினலின்.

சீதா: தொரைசாணி பேரு மாதிரி இருக்கு.

அழகன்: வேலையும் அதேதான். அது வந்தா எல்லாம் சுருங்கிப் போயிரும். மடிக்குப் போற கொழாய் இறுகிரும். மொத சாறு வாசல்லயே நிக்கும், உள்ள போக வழியில்ல. பால் உள்ளதான் இருக்கு, எறங்காது.

சீதா: அப்ப செவல எதையோ கண்டு பயந்துருக்கு.

அழகன்: அதான். புலி கிலி வந்துச்சா?

சீதா: வந்திருந்தா மாடே இருக்காது.

அழகன்: பங்களா நாயி?

சீதா: அது செவலயக் கண்டா ஓடும்.

அழகன்: வேல வாங்குற கண்டாக்கு ஐயா?

சீதா: காலையில வேல பிரிக்கிற பெரட்டுலயா மாட்ட நிக்க வைக்கப்போறாரு? அவருக்குப் பயப்படுறது நாமதான்.

அழகன்: பாரு, பாரு... அந்த மூலையில அடுக்கியிருக்கிற புல்லுக்கட்டையே பாக்குது. பின்னால ஏதோ இருக்கு.

சீதா: பெருச்சாளி.

அழகன்: சுருட்டு வாசம் வருதே.

சீதா: அப்பாவோட பழைய கம்பளி அங்கதான் கெடக்கு. நீ பேச்ச மாத்தாத. அந்தப் புத்தகத்துல மாட்ட எப்படிப் பயமுறுத்துனாங்கன்னு போட்டிருக்கு?

அழகன்: எந்தப் புத்தகம்...

சீதா: நேத்து நீதானே சொன்ன, மாட்டப் பயமுறுத்திப் பாத்த கதைய.

அழகன்: அதா... வெள்ளக்காரங்க மாட்டு முதுகுல பூனைய ஏத்திவிட்டாங்களாம்.

சீதா: பூனையவா?

அழகன்: ம். அப்புறம்... காகிதப் பைய ஊதி... காதுக்கிட்ட...

சீதா: காதுக்கிட்ட?

அழகன்: ...வெடிச்சாங்களாம்.

சீதா: ஓகோ. திங்கக்கெழம காலையில இந்த மாட்டுப்பட்டிக்குப் பின்னால கிழிஞ்ச சீனிக் காகிதப் பை ஒண்ணு கெடந்துச்சு. நூர்தீன் நானா கடைப் பை.

அழகன்: காத்துல பறந்து வந்திருக்கும்.

சீதா: பேனா மையோட நாலு விரல் பதிஞ்சிருந்துச்சு. அதுவும் காத்துலயா வந்துச்சு? கைய ஏன் பின்னால வைக்கிற?

அழகன்: ஒரே ஒரு தடவதான் சீதா. சத்தியமா. அரமணி நேரத்துல சரியாயிரும்னு போட்டிருந்துச்சு. நம்ம செவல அஞ்சு நாளா பயந்துக்கிட்டிருக்கு. ஒலகத்துலயே எந்த மாடும் இப்படிப் பயந்ததில்ல. பேராதனை கேம்பஸுக்குக் கடுதாசி கூடப் போட்டுட்டேன்.

சீதா: என்னான்னு?

அழகன்: செவலயப் பத்தித்தான். ரெண்டு பக்கம். படம் வரஞ்சு.

சீதா: அட பாவி.

அழகன்: மாமாகிட்டப் போயி நாந்தான்னு சொல்லிர்றேன். அடிச்சா அடிக்கட்டும். மாட்ட விக்கக் கூடாது.

சீதா: நெசமா சொல்லுவியா?

அழகன்: சொல்லுவேன்... நீ ஏன் சிரிக்கிற?

சீதா: சொல்லு. ஆனா அரமணி நேரம்னு சொல்லாத. பயம் தெளிய ஒரு மாசம் ஆகும், அப்புறம் பால் தானா வந்துரும், அதுவரைக்கும் விக்காதீங்கன்னு சொல்லு.

அழகன்: புத்தகத்துல அப்படி இல்லியே.

சீதா: புத்தகத்த அப்பா படிக்கவா போறாரு?

அழகன்: அதென்னா ஒரு மாசக் கணக்கு?

சீதா: மெதுவாப் பேசு... நீ பை வெடிச்சப்ப செவல பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. பயந்தது நான். கறந்த செம்பு கவுந்துபோச்சு.

அழகன்: நீ உள்ளயா இருந்த? அப்ப இன்னும் விடியவே இல்லியே.

சீதா: பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு முந்தியே ரெண்டு போத்தல் கறந்து தோட்டத்துக் கீழ் டிவிசனுக்குக் கொண்டுபோறேன். தெனமும்.

அழகன்: யாருக்கு?

சீதா: எங்கக்கா ராசம்மாவுக்கு. அப்பாவக் கேக்காமக் கட்டிக்கிட்டுப் போனவன்னு எங்க லயத்து வீட்டுல அவ பேரயே எடுக்கக் கூடாது. போன ஞாயித்துக்கெழம ஆம்பளப் புள்ள பொறந்துருக்கு அழகா. எந்திரிச்சு நிக்கத் தெம்பில்ல அவளுக்கு. ஒரு மாசமாவது பால் குடிச்சாத்தான்...

அழகன்: அப்ப என் கடுதாசி?

சீதா: கடுதாசிய விடு.

அழகன்: மடியெல்லாம் வரஞ்சேன் சீதா. செவப்பு மையில.

சீதா: விடுன்னா.

அழகன்: இரு... இப்ப இருமுனது யாரு?

சீதா: செவல.

அழகன்: செவல இந்தப் பக்கமுல்ல நிக்குது. சத்தம் புல்லுக்கட்டுலருந்து...

சீதா: ஐயய்யோ. அப்பா...

அழகன்: இப்பத் தொட்டுப் பாரு உன் காத.

நல்லமுத்து: என்னா முழிக்கிற? மூணு நாளா இந்தப் புல்லுக்குப் பின்னால குந்தி, நீ செம்ப மறச்சு எடுத்துக்கிட்டு ஓடுறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மாயாண்டியும் வரப்போறதில்ல, ஒருத்தனும் வரப்போறதில்ல. அப்படிச் சொன்னாலாச்சும் வாயத் தொறப்பன்னு பாத்தேன். பாலக் கொண்டுபோகத் தெரியுது... பேரன் யாரு சாடைன்னு ஒரு வார்த்த வந்து சொல்லத் தெரியலியே புள்ள உனக்கு.