பிரிக்காத கவர்

புது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் கவரை உரிக்க வேண்டுமா, வேண்டாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன், மடியில் குழந்தை. எதிரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பெண்கள்.

"எங்கம்மா ஃபிரிட்ஜுக்குத் திரை போட்டு வச்சிருக்காவக்கா," என்றாள் சின்னவள். தெற்கத்திப் பேச்சு.

"இன்னாடி, சாமியா அது?"

"நம்ம கம்பெனி லைன்ல செஞ்ச ஃபிரிட்ஜுன்னு வாங்கிக் குடுத்தேன். ஸ்டீல் கதவுல கவர உரிக்கவே மாட்டேங்காவ. யாராச்சும் வந்தா ஒரு ஓரத்த மட்டும் உரிச்சு, 'எம்மவ கம்பெனில துடைக்குத கதவு, ஒரு கைரேகை உண்டுமா பாரு'ன்னு காட்டிட்டுத் திரும்ப ஒட்டிருதாவ."

"பெருமதான? உனக்கு இன்னா கொற?"

"ஒரு ஓரத்துக்கா ஷிப்டு பூரா நிக்கேன்? ஸ்டீல்ல கோடு போற பக்கமாவே துணிய இழுத்து முழுக் கதவையும்லா மினுக்குதேன்! பொங்கலுக்குப் போயி மொத்தமா உரிச்சிருவேன்."

"அம்மா அழுவாங்கடி."

"அழட்டும். அழுத மொகம் அதுலயே தெரியும்லா."

குழந்தை கீறிவிடும் என்று நானும் எங்கள் ஃபிரிட்ஜின் கவரை உரிக்கவில்லை. அந்தக் கதவையும் ஒருத்தி இப்படித்தான் துடைத்திருப்பாள். இப்போது உரிக்கலாமென்றால் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீறல் விழாமல் எடுக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.