சுவரைப் பார்த்த பிளக்

நீச்சல் குளத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: தண்ணீர் இன்றைக்குச் சில்லென்று இருக்குமா? அது எப்படிச் சுத்தமாகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

குளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபில்டர் தொட்டி. மோட்டார் குளத்துத் தண்ணீரை அதற்குள் அழுத்தித் தள்ளும். அழுக்கு உள்ளே தங்கிவிடும். அவ்வப்போது மேல்மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றுவதற்கு முன்னால், அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து தண்ணீரையும் அழுத்தத்தையும் வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் தளர்த்தியதுமே மூடி தானாகவே தெறித்துக் கிளம்பும்.

அந்த பிளக் பெரிய தலைவலி. தொட்டியை வைத்தவர்கள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். கை நுழைய நாலு விரல் இடம்தான். தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே தடவித் திருக வேண்டும். என் தங்கையின் கணவர் என்னோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை அவரிடமே விட்டுவிட்டேன்.

“இத மாட்டுனவன் அன்னிக்கு வீட்ல சண்ட போட்டுட்டு வந்திருப்பான் மச்சான்,” என்பார் படுத்தபடியே. நானும் சிரிப்பேன். அவர் நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பார். மீன் மாமா என்று அவர் காலைச் சுற்றி வருவார்கள். என்னை யாரும் எந்தப் பெயர் வைத்தும் கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை நான்தான் வளர்த்தேன். தலை வாரிவிட்டேன், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எல்லாரும் இதே வீட்டில் இருக்க வேண்டும். அவர் சரி என்றார். மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் ஏதாவது சொல்வார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அண்ணா, அவருக்கு வேற ஊர்ல வேல கெடச்சிருக்கு. பெரிய குளமாம். வீடும் தர்றாங்க.”

“நல்லதாப் போச்சு,” என்றேன்.

“நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னுதான் யோசனையா இருக்கு.”

“அதான் அடிக்கடி வந்து பாத்துட்டுப் போவோம்ல,” என்றார் அவர். அவளைப் பார்த்துச் சொன்னார், என்னை இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். புது ஊர், முகம் தெரியாத மனிதர்கள். அவளோ வாயும் வயிறுமாக இருந்தாள். யார் பார்த்துக்கொள்வார்கள்? அவருக்கு ஒரு கை உடைந்தால் அந்த வேலை கை நழுவிப்போகும், எல்லாரும் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கைதானே.

அவர்கள் கிளம்ப இருந்த வாரம் ஃபில்டர் கழுவும் நாள் வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்காகச் சாமான் கட்டியதில் அவருக்குத் தோளில் பிடிப்பு. நான் முன்னதாகவே போய்விட்டேன். மோட்டாரை ஓடவிட்டு, வால்வுகளை அடைத்துவிட்டு நிறுத்தினேன். அழுத்தம் உள்ளேயே நின்றது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பூஜ்யத்தில் சிக்கிக்கொண்டு வெகுநாளாயிற்று. மேலே காற்றை விடும் திருகும் துருப்பிடித்து அசையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டக்கூடியது அந்த பிளக் ஒன்றுதான். அதை நான் தொடவில்லை. சுவரோரம் இரண்டு வாளித் தண்ணீரை மட்டும் ஊற்றிவைத்தேன்.

அவர் வந்ததும் வழக்கம்போல் தரையில் படுக்கப் போனார்.

“விடுங்க மாப்ள. தோள் வலியோட எதுக்கு? நானே தொறந்துட்டேன். பாருங்க, எல்லாம் வடிஞ்சிருச்சு.”

ஈரத்தரையைப் பார்த்தார், பிறகு என்னை. முகம் மலர்ந்துவிட்டது. “எனக்காக நீங்க போயி தரையில படுத்தீங்களா?” என்றார். “எங்கள விட்டுட்டு நீங்க எப்படி இருப்பீங்களோன்னு அவ சொல்றது சரிதான் மச்சான்.”

மூடியைச் சுற்றிய பட்டையின் நட்டைக் கழற்றத் தொடங்கினார். நான் கதவருகே போய் நின்றுகொண்டேன்.

சத்தம் வாசல் வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

பிளக்கைத் திறந்துவிட்டதாகவே எல்லாரிடமும் சொன்னேன்; அவர் சாவை விபத்து என்றே எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துத் தங்கை மட்டும் தனியாக அந்த அறைக்குப் போயிருக்கிறாள். அவள் கை சின்னது, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே சுலபமாக நுழைந்திருக்கும். வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

“அது இறுக்கமா மூடியே இருக்கு அண்ணா. மேல ஒட்டட படிஞ்சிருக்கு.”

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

வெளியே இலை கூட்டிக்கொண்டிருந்த காவலாளி உங்களிடம் சொன்னதும் உண்மைதான். “மூடியில விரிசல் மாதிரி தெரியுது, நல்லா குனிஞ்சு பாருங்க மாப்ள,” என்று நான்தான் சொன்னேன். அவர் குனிந்தார். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. முந்தின நாளே யோசித்து வைத்தது. கை என்றால் ஆறிவிடும், ஆறியதும் கிளம்பிவிடுவார்கள்.

தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். கோபம் தணிந்ததும் வரட்டும். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவளைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தேன்.