வெட்டாத நீல ரிப்பன்

நீல ரிப்பனா, பச்சை ரிப்பனா என்று மூன்று கூட்டங்களில் ஆராய்ந்து, நீலமே என ஏகமனதாகத் தீர்மானித்த வைத்தியசாலை நலன்புரிச் சங்கத் தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் அவர்களே! அதை வழிமொழிந்த பெரியோர்களே! வெயிலில் காத்திருக்கும் தாய்மார்களே! மூன்று முறை திகதி மாற்றி, நான்காம் முறை நம்மை மகிழ்வித்திருக்கும் பிரதம அதிதி அவர்களே! சங்கச் செயலாளன் என்ற முறையில், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மருந்துக் குளிர்சாதனப் பெட்டி வந்த அன்றே ரிப்பன் கட்டினோம். பழைய பெட்டி பழுதாகிக் கிடந்தது. அதனால் என்ன? அதிதி திறக்குமுன் பெட்டியை நாமே திறந்தால் அது திறப்பு விழாவா? பின்வரிசையில் சிரிக்க வேண்டாம். இது தீர்மானப் புத்தகத்தில் உள்ளது.

அந்நாளில்தான் உப்பளத் தொழிலாளி முபாரிஸ் எட்டாம் கட்டிலுக்கு வந்தார். சீனி வருத்தக்காரர், நீரிழிவு. மூக்கில் நுழைந்த பங்கசு மூளைக்கு ஏறியிருந்தது. பழைய பாண் ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தின் உறவுக்காரன் அது என்றார் டொக்டர். அரிய நோய், அதனினும் அரிய மருந்து. கொழும்பிலிருந்து பன்னிரண்டு குப்பிகள் வந்தன, குளிரில் வைக்கவேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

தாதி நிஸ்ரின் ஓடிவந்தார். "ஹாஜி, பெட்டியத் தொறந்து தாங்க. மருந்து பழுதாப் போகும்."

"பொறுங்க மகள். புதன்கெழம அதிதி வாறார். ரிப்பன இப்ப வெட்டினா அவர் எத வெட்டுற?"

முபாரிஸின் மனைவி ஸுஹைரா தையல்காரி. "வெட்டுங்க ஹாஜி. நான் தச்சுத் தாறன். வெட்டின எடம் ஒருத்தருக்கும் வெளங்காது" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல் என் சட்டைப்பையில் இருந்தது.

மீன்கார முத்தலிபு, மீன் குளிரவைக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் தந்தார்; மருந்தை அதில் வைத்தோம். புதன்கிழமை வந்தது, அதிதி வரவில்லை. வியாழன் படகுகள் போகவில்லை. ஐஸ் லொறியும் வரவில்லை. மருந்து கெட்டது. மறு மருந்துக்குக் கொழும்பு ஏழு நாள், ஒரு கிழமை கேட்டது.

பங்கசு கிழமை கேட்கவில்லை. அதற்கு அழைப்பிதழ் வேண்டாம், மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ரிப்பனைக் காத்தோமே, மருந்தைக் காத்தோமா? மரபைக் காத்தோமே, மனிதனைக் காத்தோமா?

ஓம், தலைவர் கை காட்டுகிறார், முடிக்கிறேன். இனியொரு பெட்டி வந்தால், முதலில் மின்சாரம் கொடுங்கள், பிறகு மேடை போடுங்கள்! மருந்து உள்ளே போன பின் மாலை வெளியே வரட்டும்!

அதிதி அவர்களே, இதோ கத்தரிக்கோல். ரிப்பன் கசங்காமல் இருக்கிறது. வந்தோர் அனைவருக்கும் நன்றியும் ஸலாமும். ஸுஹைரா வரவில்லை. கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கவேண்டும். இன்று ஒன்பதாம் நாள்.